வாடகை கம்மி, வழி தூரம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா நான் கறவை மாடு, சேமிப்பு, வங்கிக் கடன் என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வீடு பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்த மாதம் வந்த கடன் மனுக்களில் இரண்டு மனுக்கள் ஒரே மாதிரி இருந்தன. இரண்டிலும் காரணம் என்ற இடத்தில் 'சென்னையில் வீடு வாங்க' என்று எழுதியிருந்தது. எந்த இடம்னு கேட்டேன். ஒருத்தர் கண்ணகி நகர் என்றார். இன்னொருத்தர் பெரும்பாக்கம் என்றார். விலை என்னன்னு கேட்டேன். சொன்னாங்க. கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. விலை அவ்வளவு கம்மி! மற்றவங்களுக்கு விலை அதிகமென்றால் பயம் வரும். எனக்கு விலை கம்மி என்றால் பயம் வரும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நம்ம பிள்ளைகள் பிழைக்கப் போகிற இடம். தெரியாமல் இருக்கக் கூடாது.

சென்னையில் குடிசைப் பகுதி மக்களுக்கு வீடு கட்டித் தர 1970ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 2021ல் அதன் பெயரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறிப்போச்சு. ஆற்றங்கரையில் இருந்தவர்கள், பாலம், சாலை, ரயில் வேலைக்காக இடம் விட்டவர்கள் என்று பலரையும் ஊருக்கு வெளியே குடியமர்த்தும் வழக்கம் வந்தது.

அப்படி 2000ஆம் ஆண்டிலிருந்து உருவானதுதான் கண்ணகி நகர். பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. 15,000 வீடுகளுக்கு மேல். 2004 டிசம்பரில் சுனாமி வந்த பிறகு, கடற்கரைக் குப்பங்களில் இருந்தவர்கள் உட்படப் பல குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 6,000க்கு மேல் வீடுகள். அதன் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள் எழுந்தன. 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்கள் பல அங்கே போய்ச் சேர்ந்தன.

கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. நம்ம வீட்டு மாட்டுக் கொட்டகையை நினைத்துப் பாருங்க. அதற்குள்ளே சமையல், படுக்கை, பிள்ளைங்க படிப்பு, பெரியவங்க மருந்து, எல்லாம். ஆனாலும் கான்கிரீட் கூரை, மின்சாரம், கழிப்பறை உண்டு. ஆற்றோரத்தில் தகரத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

அப்புறம் என்ன குறை? வீடு மட்டும் நகர்ந்தது, வேலை நகரவில்லை. அதுதான் குறை.

அங்கே போன பெண்கள் என்ன வேலை பார்த்தவங்க? மயிலாப்பூர், அடையாறு போன்ற இடங்களில் வீட்டு வேலை. பூ விற்பது, மீன் விற்பது, இட்லிக் கடை போடுவது. ஆண்கள் பெயிண்ட் வேலை, சுமை தூக்குவது, ஆட்டோ. காலையில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்து, வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மறுபடி இன்னொரு வீட்டுக்குப் போவாங்க. எல்லாம் நடக்கிற தூரம். திடீரென்று வீடு 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் அந்த வேலையை எப்படிச் செய்வது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது சும்மா உதாரணக் கணக்குதான். கையிலே பென்சில் இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்க.

நகரத்துக்குள் ஒரு சின்ன அறை, வாடகை 6,000 ரூபாய். நம்ம சகோதரி நாலு வீட்டில் வேலை செய்கிறார். ஒரு வீட்டுக்கு 2,500 வீதம் 10,000 ரூபாய். வாடகை போக மீதி 4,000.

இப்போ வெளியே போகிறார். வாடகை 3,000 ரூபாய்தான். அடேயப்பா, பாதி வாடகை! ஆனால் போக வர மூன்று மணி, நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. நாலு வீடு இரண்டு வீடாகக் குறைகிறது. வருமானம் 5,000. மெயின் ரோட்டுக்கு வர ஷேர் ஆட்டோ, போக 20, வர 20. மாதம் 26 நாளைக்கு 1,040 ரூபாய். வாடகையும் ஆட்டோவும் போக மீதி 960.

வாடகையில் 3,000 மிச்சம் பிடித்தோம். ஆனால் கையில் நின்ற பணத்தில் 3,040 குறைந்துபோச்சு. இப்போ சொல்லுங்க, எந்த வீடு கம்மி விலை?

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இப்படிப்பட்ட பெண்களுக்கு அது பெரிய கை கொடுத்தது. ஆனால் அதில் மிச்சமாவது காசு மட்டும்தான். பஸ்ஸில் போகிற மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது, யாரோடு இருக்கிறது என்பதும் ஒரு செலவுக் கணக்குதான். பள்ளி ஆண்டின் நடுவில் வீடு மாறியதால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு.

இன்னொன்று பேர். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே ஒரு மாதிரி பார்க்கிறவங்க உண்டு. வேலைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் வேறு முகவரி எழுதியதும் உண்டு. ஏழைகளை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவித்துவிட்டு, பிறகு அந்த இடமே கெட்டது என்று சொன்னால் என்ன நியாயம்? அதே கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினாள். அவளும் அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைதான். அங்கே பெண்கள் நம்மைப் போலவே குழு நடத்துகிறார்கள். தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் மனு கொடுத்து, போராடி வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் துப்புரவு வேலை, சமையல் வேலை என்று புது வேலையும் தேடிக்கொண்டார்கள். அதனால் அந்த ஊரை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம்.

சரி, இப்போ விலைக்கு வருவோம். அதே சாலையில் தனியார் அடுக்குமாடி வீடு அரைக் கோடி, முக்கால் கோடி என்று விற்கிறது. அப்படியிருக்க, இந்த வீடு மட்டும் சில லட்சத்துக்கு எப்படிக் கிடைக்கும்?

காரணம் இதுதான். வேலை தூரமாகிப் போனதால் ஒதுக்கீடு பெற்ற சில குடும்பங்கள் திரும்ப நகரத்துக்குள் வாடகைக்குப் போய்விட்டன. கடன், வைத்தியச் செலவு என்று சிலர் வீட்டைக் கைமாற்ற நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. அது கிரயப் பத்திரம் இல்லை. மாதத் தவணை முழுவதும் கட்டி முடித்து, வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் வீடு அவர்களுக்குச் சொந்தம். அதுவரை விற்க உரிமை கிடையாது. விற்க உரிமை இல்லாததைப் புரோக்கர் வெள்ளைத் தாளிலும் முத்திரைத் தாளிலும் எழுதி விற்கிறார். அதனால்தான் விலை கம்மி. நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, ஒருவருடைய வாய்ச் சொல்லை. அந்த வாய்ச் சொல் மாறினால் போச்சு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தங்கச்சி குடும்பத்தில் நடந்தது.

2018ஆம் வருஷம். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் சென்னையில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் போன் பண்ணினாள். "அக்கா, மூணு லட்சத்துக்கு ஒரு வீடு வருதுக்கா. பாதிப் பணம் குடுத்தா சாவி கையில. வாடகை குடுத்துக் குடுத்து அலுத்துப் போச்சுக்கா" என்று அழுதாள். எனக்கு மனசு தாங்கவில்லை. அவள் சேமித்தது 40,000. நகையை அடகு வைத்தது 60,000. மீதி 50,000 ரூபாயை என் பேரில் குழுவில் உள்கடன் வாங்கிக் கொடுத்தேன். மாடு வாங்க என்று மனுவில் எழுதினேன். ஆமாம், பொய்தான் எழுதினேன். இன்றைக்கு உங்கள் முன்னால் ஒத்துக்கொள்கிறேன். உண்மையை எழுதியிருந்தால் குழுவில் யாராவது ஒருத்தர் "பத்திரம் எங்கே?" என்று கேட்டிருப்பார்கள். ஒரு கேள்வியில் எல்லாம் நின்றிருக்கும்.

இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதினார்கள். பதினாலு மாதம் குடியிருந்தாள். கதவுக்கு வர்ணம் அடித்தாள், அலமாரி போட்டாள். ஒருநாள் வேறொரு குடும்பம் சாமானோடு வந்து நின்றது. அவர்கள் கையிலும் அதே மாதிரி ஒரு தாள். ஒதுக்கீடு பெற்றவர் இரண்டு பேரிடம் பணம் வாங்கியிருக்கிறார். புரோக்கர் போனை எடுக்கவே இல்லை. போலீசுக்குப் போகலாம் என்றால், வாங்கியதே விதிக்கு மாறாக. எந்த முகத்தோடு போவது? அலைந்து திரிந்து 40,000 மட்டும் திரும்ப வந்தது. நகை ஏலத்துக்குப் போச்சு.

நான் மாதம் 2,500 வீதம் இருபது மாதம் அசல் கட்டினேன், வட்டி தனி. அந்த இருபது மாதமும் கூட்டத்தில் "மாடு எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்பாங்க. நான் தலையைக் குனிந்துகொள்வேன். தங்கச்சி இப்போ நகரத்துக்குள் ஒரே ஒரு அறையில் இருக்கிறாள். வேலை நடக்கிற தூரம். "அந்த வீட்டுக் கதவை நினைச்சாத்தான் இன்னும் அழுகை வருதுக்கா" என்பாள்.

அதனால் வீட்டுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்த வீட்டு ஆசை தப்பில்லை. கேள்வி கேட்டுக் கொடுப்போம் என்கிறேன். ஐந்து கேள்விகள்:

1. கையில் இருப்பது என்ன காகிதம்? ஒதுக்கீட்டு ஆணை, பவர் பத்திரம், முத்திரைத் தாள் ஒப்பந்தம் எல்லாம் கிரயப் பத்திரம் ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு ஆகுமா? ஆகாது என்றால் ஒரு ரூபாய் முன்பணம்கூட வேண்டாம்.

2. வில்லங்கம் பார்த்தாச்சா? பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். நம்ம பிள்ளைகளே செல்போனில் பார்த்துச் சொல்வார்கள். வாரிய வீடு என்றால் வாரிய அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்க. புரோக்கர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீங்க.

3. மனை என்றால் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016ல் தடை வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017ல் விதி வந்தது. 'அப்புறம் சரியாகிடும்மா' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

4. வேலைக்கு எவ்வளவு தூரம்? பஸ் எத்தனை மணிக்கு? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர் எங்கே? மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்க. நான் போட்ட கணக்கை உங்க வருமானத்துக்குப் போட்டுப் பாருங்க.

5. யார் பேரில் பதிவு? கடன் நம்ம பேரில் இருந்தால் வீட்டிலும் நம்ம பேர் இருக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் அரசு உத்தரவு வந்தது. இதைச் சொல்லியே வீட்டுக்காரரிடம் பேசலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மனுக்களையும் இன்றைக்குத் தள்ளுபடி செய்ய வேண்டாம். இரண்டு சகோதரிகளும் காகிதங்களின் நகலைக் கொண்டுவரட்டும். கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் அவர்களோடு சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பஸ் செலவு போனால் போகட்டும். நான் வருகிறேன். இனிமேல் வீட்டுக்கடன் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது "பத்திரம் எங்கே அக்கா?" என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் என் தங்கச்சி நகை கழுத்தில் இருந்திருக்கும். அதனால் யாராவது உங்களிடம் கேட்டால் கோபப்படாதீங்க. கேட்க வேண்டியவங்க கேட்காமலும் இருக்காதீங்க.