சுட்டும் சொல்லும் சொல்லாத காரணமும்



இளம் வயதில் ஒருவர் திடீரென மறைந்தால், 'மாரடைப்பு' என்று சொல்லி நாம் முடித்துவிடுகிறோம். அச்சொல்லைக் கேட்டதும் இதயத் தமனியில் அடைப்பு என்றே கொள்கிறோம். இதயத் தசை சிதைவதற்கு அடைப்பு ஒன்றே காரணமன்று.

ஜப்பானிய அறிஞர் எபாஷி முதலானோர் 1960களில் கண்டறிந்த டிரோபோனின் என்னும் புரதம், தசைச் சுருக்கத்தை நெறிப்படுத்துவது. இதயத் தசையணுக்கள் சேதமுறும்போது அது குருதியில் கசிகிறது. மரபுவழி இதயத் தசைத் தடிப்பு நோயில், தமனி அடைபடாமலேயே அதன் அளவு உயர்ந்திருக்கக்கூடும். இலக்கண வழக்கில் கூறின், அவ்வுயர்வு ஒரு சுட்டு. 'அது' என்னும் சொல் பொருளைச் சுட்டுமேயன்றி இன்னதென விளக்காது. இவ்வளவும் சேதத்தைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைக் கூறாது.

ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. மரபணு மாற்றமுடையவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாற்றம் சேர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. குருதியில் டிரோபோனின் இயல்பளவில் இருப்பது கொண்டு நோயில்லை எனத் தெளிதலும் ஆகாது. குடும்பத்தார்க்கு இதய மின்வரைவும் மீயொலிச் சோதனையும், தேவையாயின் மரபணுச் சோதனையும் வேண்டும்.

தந்தையின் நோய்க்குப் பொருந்தாப் பெயரிட்டால், பிள்ளைகள் சோதிக்கப்படாமலே போவர். ஆகவே, 'மாரடைப்பு' வேறு, 'மரபுவழி இதயத் தசை நோய்' வேறு என்பதை நம் வகுப்பறைகளில் தெளிவுறக் கற்பிப்போம்.