எந்த ஆபீஸ்ல சேர்றது?

(திருச்சியில் சட்ட மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பயிற்சிக்கு மனு எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மனு எழுதுறது பெரிய வித்தை இல்ல. யாருக்கு எழுதுறது, எழுதிட்டுப் போய் நின்னா அந்த ஆபீஸ் வாசல்ல என்ன நடக்குது என்பதுதான் பேசவேண்டியது.

திருச்சியில் காஜாமலைப் பக்கம் 1979ல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நவலூர் குட்டப்பட்டில் 2012ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் வந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது ஸ்ரீரங்கம் தாலுகா. (கோபுரத்தை நினைச்சிக்காதீங்க, இடம் திண்டுக்கல் ரோடு.) ஒரே ஊர்தான். ஆனால் ஒரு இடத்தில் இங்கிலீஷ் நுழைவுத்தேர்வு எழுதி வந்த பிள்ளைகள், பம்பாய், டெல்லி கம்பெனிகளுக்கு மனு போடுகிறவர்கள். இன்னொரு இடத்தில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள், மனு போட ஒரு முகவரிகூடத் தெரியாதவர்கள். பல்கலைக்கழகத்துக்குள்ள போயிட்டா தப்பிச்சோம்னும் இல்ல. இந்தியா முழுக்க இந்தப் பல்கலைக்கழகங்களில் நம்ம பிள்ளைகளிடம் "ரேங்க் என்ன?" என்று கேட்கிறார்கள். சாதி கேட்க இப்போது அது ஒரு நாகரிகமான வழி.

பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் கூடாது. ஒரு தடவையாவது வழக்கறிஞரிடம் இருந்தே ஆகணும். சரி, சென்னையில் நாலு வாரம் தங்க, திங்க, ஹைகோர்ட்டுக்குப் போய்வர யார் காசு? விதி அதைப் பேசவில்லை. நடவுக்குப் போற அம்மாதான் கொடுக்கணும்.

படிப்பை முடித்த பிறகும் ஒரு வருஷம் ஒரு சீனியரிடம் இருந்தால்தான் பதிவு என்று 1995ல் விதி போட்டார்கள். அந்த அதிகாரம் பார் கவுன்சிலுக்குச் சட்டத்தில் இல்லை என்று சுதீர் வழக்கில் 1999ல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. பயிற்சி நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நல்லதுதான். சீனியர் வேண்டாம்னு சொன்னவனுக்கு அந்த வருஷம் என்ன ஆகும்?

நான் தேடின கதையைச் சொல்றேன். பெயர் வேண்டாம். "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எங்க?" சொன்னேன். "அப்பா என்ன பண்றார்?" அதையும் சொன்னேன். "இப்ப இடம் இல்லப்பா." அடுத்த வாரம் அதே ஆபீஸ்ல வேற ஒரு பையன் கட்டைத் தூக்கிக்கிட்டு வர்றான். இதுக்கு எந்தக் கோர்ட்ல வழக்குப் போடறது?

பிறகு இன்னொரு இடத்தில் சேர்ந்தேன். அங்கே நம்ம ஆளுகளுக்குக் கிடைப்பது ஜாமீன் மனு, வாய்தா. சிவில் கட்டு கைக்கு வராது. சிவில் கட்சிக்காரன் நிலக்காரன், சொந்தக்காரன் மாதிரி சீனியர் வீட்டுக்கு வந்துபோறவன். அவன் வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்து மூலப்பத்திரம் பார்க்கிற ஜூனியரா நம்மை வைக்க அவங்களுக்கு மனசு வராது. இதை வெறும் அவமானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1892ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிக் கிடக்கிறது. 1994ல் செங்கல்பட்டில் அந்த நிலத்துக்காகப் போராடி ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த நிலத்தை மீட்க அ-பதிவேடு, அடங்கல், வில்லங்கச் சான்று படிக்கத் தெரிந்த வக்கீல் வேணும். நம்மாள் கிரிமினல் பக்கமே ஒதுக்கப்பட்டால் அந்த வக்கீல் எங்கிருந்து வருவார்? அதனால் எங்கே சேர்ந்தாலும் சிவில் கட்டைக் கேளுங்கள். கொடுக்கலன்னா தாலுகா ஆபீஸ், பத்திரப்பதிவு ஆபீஸ் போய் நீங்களே படியுங்கள்.

அம்பேத்கருக்கே இதுதான் நடந்தது. 1923ல் பம்பாயில் வக்கீலாகப் பதிவு செய்ய நண்பரிடம் கடன் வாங்கினார். வழக்குகள் தேடி வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வணிகச் சட்டம் பாடம் நடத்தினார். 1926ல் பிராமணரல்லாத இயக்கத்தார் மேல் போட்ட அவதூறு வழக்கில் வாதாடி ஜெயித்தார். லண்டனில் படித்தவருக்கே அந்த நிலை.

காசு விஷயத்தில் இரண்டு தீர்ப்புகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் என்று மாநிலத்துக்கு மாநிலம் 15,000 முதல் 42,000 வரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ளது பொதுப்பிரிவுக்கு 750, நமக்கு 125, அதற்குமேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் சென்னை உயர்நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாதம் 15,000லிருந்து 20,000 வரை உதவித்தொகை தரவேண்டும் என்றது. கேட்டு வாங்குற ஜூனியர் எத்தனை பேர்? கேட்டா மறுநாள் நாற்காலி இருக்காது. ஆளாளுக்குத் தனியாகக் கேட்டால் நடக்காது, சங்கத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.

இனி மனு. "ஏழை மாணவன், கருணை கூர்ந்து" என்று ஆரம்பிக்காதீங்க. ஒரு பக்கம் போதும். அந்த வக்கீல் நடத்தின ஒரு வழக்கைப் படிச்சிட்டு அதைப் பற்றி நாலு வரி எழுதுங்க. தமிழில் எழுதின எப்.ஐ.ஆர்., கையெழுத்துப் புரியாத பழைய பத்திரம், வாக்குமூலம் எல்லாம் படிச்சு இங்கிலீஷ்ல சுருக்கித் தருவேன்னு எழுதுங்க. கான்வென்ட் பிள்ளைகள் பலருக்கு அது வராது. அரைகுறை இங்கிலீஷா இருந்தாலும் பரவாயில்ல, சொந்தமா எழுதினதா இருக்கணும். 2021 ஏப்ரல் 14ல் வழக்கறிஞர்கள் சிலர் தொடங்கிய சி.இ.டி.இ. என்ற அமைப்பு, ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்களைச் சட்டக் கம்பெனிகளோடும் மூத்த வழக்கறிஞர்களோடும் பயிற்சிக்கு இணைத்துவிடுகிறது. அங்கேயும் எழுதுங்கள்.

பெண்பிள்ளைகள் சேரும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் உள்புகார்க் குழு இருக்காது. மாவட்டக் குழுவிடம்தான் புகார் கொடுக்கணும், 2013ஆம் வருஷச் சட்டம் அதைச் சொல்கிறது. சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, திருச்சியிலேயே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான தனி நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு யாரிடமும் மனு போட வேண்டாம், போய் உட்காரலாம். சாட்சி எப்படிப் பிறழ்சாட்சி ஆகிறார் என்று பாருங்கள். அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 4(5) என்று ஒன்று. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவருக்கு வேண்டிய வழக்கறிஞரை வைத்து வழக்கை நடத்த கலெக்டர் ஏற்பாடு செய்யலாம். அந்த மனுவை எழுதிக் கொடுக்கத்தான் கிராமத்தில் ஆள் இல்லை. வரும் திங்கட்கிழமை நான் அங்கே இருப்பேன். பத்து மணிக்கு கோர்ட் வாசலுக்கு வந்துடுங்க, ஒரு நோட்டும் கொண்டுவாங்க.