காது நுனியில் ஒரு வெட்டு

குன்றத்தூர் முருகன் மலையடிவாரத்தில், ஒரகடம் செல்லும் கம்பெனி பஸ்ஸுக்காகத் தொழிலாளர்கள் விடியற்காலையில் காத்து நிற்கையில், அருகே சுருண்டு கிடக்கும் தெருநாயின் காதுமடலை உற்று நோக்கினால், இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் பருத்த உண்ணிகளைக் காணலாம். வயிறு நிறைந்த பெண் உண்ணி உதிர்ந்து, சுவர் விரிசலில் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. நாய்க்கு மட்டுமன்றி, சிற்சில சமயம் மனிதருக்கும் ஜுரம் விளைக்கும் கிருமியை அவ்வினம் சுமக்கிறது. 1957-இல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவின் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழ, மனிதரும் ஜுரத்தால் மாண்டபோது, நோயைப் பரப்பியது காட்டு உண்ணியே என்று விஞ்ஞானிகள் கண்டனர்.

ஆகவே உண்ணி சுமக்கும் தெருநாய்களைக் கொன்றுவிடலாமா என்றால், அது தர்மமுமன்று, பயனுமன்று; காலியான தெருவிற்கு அயல்தெரு நாய்கள் தம் உண்ணிகளோடு குடிவந்துவிடும். கேப்டன் சுந்தரம் 1959-இல் சென்னையில் ஸ்தாபித்த பிராணிநலச் சங்கமான புளூ கிராஸ், கருத்தடையே உகந்த மார்க்கமென 1964-இலேயே அதனைத் தொடங்கியது. 2001-இல் மத்திய சர்க்கார் அதற்கு விதிகள் வகுத்தது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் சிறு வெட்டு அடையாளமிட்டு, பிடித்த தெருவிலேயே விடுவது அம்முறை. குட்டிகள் குறையக் குறைய உண்ணிக்கு இரையாகும் உடல்களும் குறையும். ஆயினும் உண்ணி மருந்தும், குப்பை அகற்றலும், சுவர் விரிசலைப் பூசுதலும் உடன் வேண்டும்.

இன்று வழியில் நாயைக் கண்டால், கல்லைத் தேடுமுன் அதன் காதைப் பாருங்கள்.