மடத்துத் தரையில் திரிகைக் கற்கள்



ஐரோப்பாவில் இருந்த கிறிஸ்துவ மடங்களைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நம் நாட்டு மடங்கள் இருக்க, சீமை மடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு மடத்தைப் பற்றிப் பேசினால் "உனக்கு எங்கள் மதம்தானா கிடைத்தது?" என்கிறார்கள். ஆதலால் இன்றைக்கு அவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டுக் கடல் கடந்து போய்வருவோம்.

சுமார் 530-ம் வருஷ வாக்கில் இத்தாலியில் பெனடிக்ட் என்பவர் சந்நியாசிகளுக்கு ஒரு சட்டம் எழுதிவைத்தார். அதன்படி சந்நியாசிக்குச் சொந்தமாக ஒரு பேனாக்கூட இருக்கக்கூடாது. தன் கையாலேயே உழைக்கவும் வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சந்நியாசிக்குத்தான் சொத்து கூடாதே ஒழிய, மடத்துக்குக் கூடாது என்பதில்லை. பிரபுக்கள் ஆயுள் முழுவதும் கொள்ளையடித்துவிட்டு, சாகிற காலத்தில் நரகத்துக்குப் பயந்து, "என் ஆத்மாவுக்காக ஜபம் செய்யுங்கள்" என்று கிராமம் கிராமமாய் மடங்களுக்கு எழுதிவைத்தார்கள். கிராமம் என்றால் மண் மட்டுமல்ல, அதில் உழுகிற குடியானவனும், அவன் பெண்டு பிள்ளைகளும் சேர்த்துத்தான். மனிதன் செத்தால் அவன் பிள்ளைகள் பாகம் பிரிப்பார்கள், விற்பார்கள். மடமோ சாவதுமில்லை, வாங்கியதை விடுவதுமில்லை. நாடே மடங்களுக்குப் போய்விடுமே என்று பயந்து, இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டு 1279-ல் இதைத் தடுக்கச் சட்டம் செய்தார். அந்தச் சட்டத்துக்கு வழங்கும் பெயருக்கு அர்த்தமே 'செத்த கை' என்பது! பிறகு பணம் வாங்கிக்கொண்டு விலக்கு உத்தரவுகளும் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

இனி ஒரு மடத்தை மாத்திரம் பார்ப்போம். லண்டனுக்கு வடக்கே சுமார் 20 மைலில் செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஒரு பட்டணம். பட்டணமே மடத்துக்குச் சொந்தம். மடாதிபதிக்குப் பார்லிமெண்டில் பிரபுக்களோடு ஸ்தானம் உண்டு. சொந்தக் கோர்ட்டு உண்டு. சொந்த ஜெயிலும் உண்டு. அவருடைய அடிமைக் குடியானவன் மகளுக்குக் கலியாணம் செய்ய வேண்டுமானால் அவருக்குப் பணம் கட்ட வேண்டும். குடியானவன் செத்தால் கொட்டிலில் உள்ள மாடுகளில் நல்ல மாடு மடத்துக்குப் போகும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கையில் கயிற்றோடு வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் விட ஜனங்களுக்கு அதிகமாக எரிந்தது ஒன்று. யாரும் வீட்டில் திரிகை வைத்துத் தானியம் அரைக்கக்கூடாது. மடத்து ஆலைக்குக் கொண்டுபோய்த்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை மடம் எடுத்துக்கொள்ளும். வீட்டில் நெய்த துணியைக்கூட மடத்து ஆலையில்தான் மிதிக்கக் கொடுக்க வேண்டும். தாய்மார்களே, உங்கள் வீட்டுத் திரிகையில் நீங்கள் ஒரு படி கேழ்வரகு அரைத்தால் அதற்குச் சந்நியாசி கூலி கேட்பதென்றால் எப்படி இருக்கும்?

இதற்காக அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாய் வழக்காடினார்கள். சில காலம் உரிமை பெற்று, வீடுகளில் திரிகையும் வைத்துக்கொண்டார்கள். அப்போது மடாதிபதியாக வந்தவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு என்பவர். இவர் மூடரல்ல. ஒரு கொல்லர் மகன், ஆக்ஸ்போர்டில் படித்தவர், கிரகங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, சூரிய சந்திரர்களின் போக்கைக் காட்டும் அதிசயக் கடிகாரம் ஒன்றை அமைத்த பெரிய விஞ்ஞானி. அவரைப் போன்ற மூளை அந்தக் காலத்தில் அபூர்வம். அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? 1331 வாக்கில் வீடு வீடாய்த் திரிகைக் கற்களைப் பிடுங்கி வரச்செய்து, மடத்துக் கூடத்தில் தரைக்குப் பாவினார்! அவ்வளவு கல்லும் போட்டு வைக்க இடமில்லாமலா? இல்லை. ஒவ்வொரு நாளும் அதன்மேல் மிதித்து நடக்க வேண்டும், ஊரான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வானத்து நட்சத்திரத்தைக் கணக்குப் பார்த்த கண்ணுக்குக் கீழே நிற்கிற மனிதன் தெரியவில்லை. அதிலும் கொல்லர் மகனுக்கு!

ஐம்பது வருஷம் அந்தக் கற்கள் அங்கே கிடந்தன. பிடுங்கியவரும் செத்தார், பறிகொடுத்தவர்களும் செத்தார்கள். ஆனால் ஊர் மறக்கவில்லை. 1381 ஜூனில் இங்கிலாந்தில் குடியானவர்கள் கிளர்ச்சி செய்தபோது, வில்லியம் கிரிண்டிகாப் என்பவர் தலைமையில் ஊரார் மடத்துக்குள் புகுந்தார்கள். ஜெயிலைத் திறந்துவிட்டார்கள். பிறகு நேரே அந்தக் கூடத்துக்குப் போய்த் தரையைப் பெயர்த்து, கற்களை வெளியே கொண்டுவந்து உடைத்து, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மந்திரித்த ரொட்டியைப் பங்கிடுவதுபோல ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தார்கள். இதை நான் கட்டிச் சொல்லவில்லை. அந்த மடத்துச் சந்நியாசி தாமஸ் வால்சிங்ஹாம் என்பவரே வயிற்றெரிச்சலோடு எழுதிவைத்திருக்கிறார்.

மடாதிபதி உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அது சில வாரங்கூட நிற்கவில்லை. 14 வயது ராஜா இரண்டாம் ரிச்சர்டு தாம் கொடுத்த வாக்குகளையெல்லாம் ரத்துசெய்துவிட்டு, பிரதம நீதிபதி டிரெசிலியனோடு செயின்ட் ஆல்பன்ஸுக்கே வந்து இறங்கினார். (அந்த நீதிபதியும் 1388-ல் தூக்கிலேயே தொங்கினார்.) பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஊராருக்குப் புத்தி சொல்லக் கிரிண்டிகாப்பை ஜாமீனில் விட்டார்கள். அவரோ என் உயிருக்காக நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஜூலையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பிரபுவும் அடிமையும் கடவுள் படைப்பல்ல என்று ஊர் ஊராய்ப் பேசிய ஜான் பால் என்ற பாதிரியையும் ஜூலை 15-ந் தேதி அங்கேதான் கொன்றார்கள். தூக்கிலிட்டவர்களின் உடல்களை ஊரார் இறக்கி அடக்கம் செய்தபோது, அந்த ஊராரே தங்கள் கையால் மறுபடியும் இரும்புச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட வேண்டுமென்று ராஜா உத்தரவு போட்டார். அன்பே கடவுள் என்று ஜபிக்கும் மடத்தின் எதிரிலே இது நடந்தது.

மடங்கள் புத்தகங்களைப் பிரதி எடுத்துக் காப்பாற்றவில்லையா, வாசலில் ஏழைகளுக்குச் சோறு போடவில்லையா என்று கேட்பார்கள். செய்தன, மறுக்கவில்லை. ஆனால் வாசலில் போட்ட ரொட்டி யார் வீட்டு மாவு என்பதுதான் கேள்வி.

1536 முதல் 1540-க்குள் எட்டாம் ஹென்றி ராஜா இங்கிலாந்தில் இருந்த சுமார் 800 மடங்களை மூடினார். செயின்ட் ஆல்பன்ஸ் மடம் 1539-ல் முடிந்தது. குடியானவனுக்கு நிலம் வந்ததா? கிடையாது. ராஜாவும், அவர் ஆட்களும், பணக்காரரும் வாங்கிக்கொண்டார்கள். எஜமானன் மாறினான், அவ்வளவே. செயின்ட் ஆல்பன்ஸ் ஊராருக்கு மாத்திரம், கிரிண்டிகாப் உயிரைக் கொடுத்துக் கேட்ட நகர உரிமைப் பத்திரம் 1553-ல், அதாவது 172 வருஷம் கழித்து, கிடைத்தது. அதே வருஷம் அந்த மடத்துக் கோயிலையும் 400 பவுனுக்கு ஊராரே விலைக்கு வாங்கினார்கள்.