மருந்து இருந்தது, வழி இல்லை



அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு சிறு மாநிலம். மலைகளும் பால்பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறம். 2014 ஜனவரியில் அதன் ஆளுநர் பீட்டர் ஷம்லின், சட்டமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரை முழுவதையும் ஹெராயின், வலி மாத்திரை அடிமைத்தனத்துக்கே ஒதுக்கினார்.

அங்கே மருந்து இல்லாமல் இல்லை. மெத்தடோன் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் நாள்தோறும் கிளினிக்குக்கே போய் அதைக் குடிக்க வேண்டும். பஸ் வராத கிராமத்தில், கார் இல்லாதவர் என்ன செய்வார்? பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. "இன்றோடு விட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் வருகிற நாளில் அவரைத் திருப்பி அனுப்பினால், மறுபடி வருவாரா? குடிநோயாளி உள்ள வீட்டாருக்கு இது தெரியும்.

2013 முதல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. நோய் முற்றியவர்களுக்குச் சில பெரிய மையங்கள்; மற்றவர்களுக்கு ஊர்க் குடும்ப டாக்டரே புப்ரெனார்ஃபின் எழுதித் தருவார். டாக்டர்கள் தயங்கினார்கள். (பத்து நிமிடத்தில் பார்த்து அனுப்புகிற நோயா இது!) ஆகவே, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்டு, 100 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆலோசகர் என்று சம்பளம் கொடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் இச்சேவைகளின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது.

மருந்துக்குப் பணம் கிடைத்துவிடும். "ஏன் நேற்று வரவில்லை?" என்று போன் செய்து கேட்கிற நர்ஸின் சம்பளத்துக்குத்தான் கிடைப்பதில்லை. காணிக்கை அனுப்பும்போது "மருந்துக்காக" என்று பலர் குறிக்கிறீர்கள். "சம்பளத்துக்காக" என்றும் சிலர் எழுதுங்கள்.