லயத்தில் கடைசி இரு நாட்கள்

எங்கள் மலைநாட்டிலும் கோடை உண்டு என்றால் சமவெளியில் வாழ்பவர்கள் நகைப்பார்கள். போர்வையைத் தேடவைக்கும் குளிருக்குக் கோடை என்று பெயரா என்று கேட்பார்கள். ஆயினும் தை பிறந்தது முதல் பங்குனி வரை இங்கு மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பகலில் வெயிலும் வறண்ட காற்றும், இரவில் கடுங்குளிரும் மாறி மாறி வரும். தேயிலை மெல்லத் துளிர்க்கும், கொழுந்து குறையும், மணமோ கூடும். டிம்புளைப் பகுதித் தேயிலைக்கு உலகச் சந்தையில் நற்பெயர் வாங்கித் தந்தவை இந்தச் சில வாரங்களே. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மட்டும் இது மெலிந்த காலம். கூடை நிறையாத நாளில் கூலி எப்படி நிறையும்?

அத்தகைய பங்குனி மாதத்தின் கடைசிச் சனி, ஞாயிறு இரு தினங்களையும் பூண்டுலோயாவுக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்தில் கழித்தேன். ஓய்வு நாடிச் சென்றேனல்லேன். என் தாயார் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த லயத்துக் காம்பராவை ஒழித்துக் கொடுப்பதற்காகச் சென்றேன். தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பிக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. ஏழு பேர்ச் நிலம், ஐந்நூற்றைம்பது சதுர அடி வீடு. நிலத்தின் உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டின் சாவி வந்துவிட்டது. எங்களுக்கு அயலிலுள்ள டன்சினன் தோட்டத்தில் 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகள் ஒருங்கே கையளிக்கப்பட்டன. அன்று முதல் என் தாயார், "நமக்கு எப்போது?" என்று கேட்காத நாளில்லை. அந்த நாள் வந்ததும், "இப்போது என்ன அவசரம்?" என்றார்.

டன்சினன் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஷேக்ஸ்பியரின் நினைவு வரும். ஸ்கொட்லாந்துத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டினர். மக்பெத் நாடகத்தில் பேர்ணம் காடே டன்சினன் மலைக்கு நடந்து வருகிறது. நம் மலைகளிலோ காடு வெட்டுண்டு மறைந்தது. நடந்து வந்தவர்கள் மனிதர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றவர்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது, அத்துடன் லயங்களும் பெருகின.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் இங்கே நித்திரை கலையும். அதற்குள்ளேதான் நாங்கள் ஏழு பேர் வளர்ந்தோம். சனிக்கிழமை முழுவதும் நானும் தம்பியும் சாமான்களை இறக்கினோம். இறக்குவதற்கு அதிகமில்லை, அதற்கே ஒரு பகல் சென்றது. ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஒரு கதை இருந்தது. நைந்துபோன கொழுந்துக் கூடையை எறிந்துவிடலாம் என்றேன். "அதுதானே ராசா உன்னைப் படிக்க வைத்தது" என்றார். கூடை புது வீட்டுக்கு வந்தது.

அடுத்த காம்பராவில் ஒரு காலத்தில் என் மாமா குடும்பம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களவரை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ, சாஸ்திரி இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அந்தக் கணக்கில் மாமாவும் ஒருவர். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். இதே போன்றதொரு வார இறுதியில்தான் அவர்களும் காம்பராவை ஒழித்தார்கள். தலைமன்னாருக்குப் புறப்படும் இரயிலை நினைத்து லயமே அழுதது. மாமி எங்கள் வீட்டுக்கு விட்டுச் சென்ற அம்மிக்கல்லை இம்முறை நாங்கள் இருவரும் தூக்கிக்கொண்டு இருநூறு யார் இறங்கினோம். மாமாவின் பயணத்தோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒரு பயணமா? ஆனால் அம்மா அன்று அழுததைப் போலவே இன்றும் அழுதார்.

காரணத்தை மாலையில் பீலிக்கரையில் சொன்னார். வறட்சியில் பீலி நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. குடம் நிறையும்வரை பேச நேரமிருந்தது. "அப்பா அந்த மலையில் படுத்திருக்கிறார். இஸ்தோப்பில் நின்றால் தெரியும். புது வீடு அந்தப் பக்கம் பார்க்கிறது" என்றார். அப்பாவை அடக்கம் செய்த இடத்தில் கல் எதுவும் இல்லை. மூன்று தேயிலைச் செடிகளும் ஒரு சவுக்கு மரமும்தான் அடையாளம், சவுக்கையும் வெட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்து மடக்கும்புறைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைக்கு உரமாகிப் பெயரின்றிக் கிடப்பவர்களைப் பற்றி 1954இலேயே ஆங்கிலத்தில் பாடிவிட்டார். அந்நூலைப் பல்கலைக்கழகத்தில் வாசித்தபோது நல்ல கவிதை என்று எண்ணினேன். என் தகப்பனாரைப் பற்றியது என்று எண்ணவில்லை.

இங்கே என் குற்றமொன்றையும் சொல்லிவிட வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிய பின் நேர்முகத்துக்கு என்னை அழைத்த கடிதம், லயத்துக்குத் தனி முகவரி இல்லாமையால், ஓர் அலுவலக மேசையில் கிடந்து ஒன்பது நாள் தாமதித்துக் கைக்கு வந்தது. அன்று முதல் எந்தப் படிவத்திலும் லயத்தின் பெயரை நான் எழுதியதில்லை. பட்டணத்துக் கடையொன்றின் முகவரியையே எழுதினேன். அதிபரான பின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் அதே தந்திரத்தைக் கற்றுக்கொடுத்தேன். எங்கள் பாடசாலைச் சேர்விடாப்பைப் புரட்டினால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே முகவரியாயிருக்கும். ஐந்தாறு பேருக்கு மட்டும் கடை முகவரி. அது என் கைவேலை. பிள்ளைகளின் நன்மைக்கே செய்தேன் என்று நினைத்திருந்தேன். பிறந்த இடத்தை மறைக்கவும் கூடவே கற்பித்தேன் என்பது அந்தப் பீலிக்கரையில்தான் உறைத்தது.

ஞாயிறு காலை புது வீட்டில் பால் காய்ச்சினோம். அம்மா முதல் தேத்தண்ணியை எனக்குத் தந்துவிட்டு, பின்கதவைத் திறந்து வெளியே நின்றார். அங்கிருந்து சற்றுக் கழுத்தைத் திருப்பினால் அப்பாவின் மலை தெரிகிறது. பின்பக்கத்தில் ஓர் இஸ்தோப்பு இறக்கித் தருவதாகத் தம்பி சொன்னான்.

பிற்பகலில் தனியே லயத்துக்கு ஏறிப்போய்க் காம்பராவைக் கூட்டினேன். புகை படிந்த சுவரில் நான் கரியால் எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு, பூசிய சுண்ணாம்பையும் மீறி ஏழாம் வரிசை வரை தெரிந்தது. கதவைச் சாத்தினேன். பூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

புறப்படும்போது, "வீட்டுக்கு இலக்கம் என்ன?" என்று தம்பியைக் கேட்டேன். இன்னும் போடவில்லையாம். கட்டட வேலைக்காரர் கதவில் சோக்கினால் 31 என்று குறித்திருந்தார். திங்கட்கிழமை அந்த இலக்கத்தையிட்டு அம்மாவின் பெயருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி வாசித்துக் காட்டுவாள். கடிதம் வந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.