ஸ்பீக்கர் முதலில், சுவிட்ச் பிறகு

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மர்பியோ புஷ்ஷோ பிலிப்ஸோ, குமிழைத் திருகியதும் டயல் விளக்கு மட்டும் எரியும். சத்தம் வராது. அரை நிமிஷம் கழித்து லேசாக ஓர் இரைச்சல் எழும், அதற்குப் பிறகுதான் அறிவிப்பாளர் குரல் மெல்ல மெல்லப் பெருகி வரும். ஏழேகால் செய்தி கேட்கிற வீடுகளில் ஏழு பதினாலுக்கே ரேடியோவைப் போட்டு வைத்துவிடுவார்கள். டிரான்சிஸ்டர் வந்தது, அந்தக் காத்திருப்பு போயிற்று.

அது இன்னும் போகாத ஓர் இடம் உண்டு. மின்கிதார் வாசிக்கிறவர்களின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. அமெரிக்காவின் ஃபெண்டர், இங்கிலாந்தின் மார்ஷல், வாக்ஸ் என்று புகழ்பெற்ற பெட்டிகளில் இன்றைக்கும் வால்வுதான் வேலை செய்கிறது. அளவுக்கு மேல் உரக்க வைத்தால் வால்வில் வருகிற அந்தக் கரகரப்பு கிதார்க்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான் காரணம். எனக்கும் பிடிக்கும். கேட்கிற அண்டை வீட்டாருக்குப் பிடிக்குமா என்பது வேறு கதை.

இந்தப் பேச்சை இங்கே வைத்துக்கொள்ள ஒரு நியாயம் இருக்கிறது. பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாள் புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. அந்த நாள் நெருங்கினால் உழவர்கரைப் பக்கத்தில், ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாசுப்பேட்டைத் தெருக்களிலும் கிதார் பையோடு பிள்ளைகளைப் பார்க்கலாம். மாதா கோயில் பாடகர் குழு, கல்யாண மெல்லிசைக் குழு என்று வருஷம் முழுக்க வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் கையில் ஒரு பழைய வால்வு பெட்டி வந்து சேர்கிறது. கூடவே ஒரு சடங்கும் வந்து சேர்கிறது. இன்று நான் எடை போட்டுப் பார்க்கப்போவது அந்தச் சடங்கைத்தான்.

பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று பவர், இன்னொன்று ஸ்டாண்ட்பை. முதலில் பவரைப் போடு, சில நிமிஷம் வால்வு சூடாகட்டும், பிறகு ஸ்டாண்ட்பையைத் திற. அணைக்கும்போது முதலில் ஸ்டாண்ட்பை, பிறகு பவர். சீடன் குருவிடம் கேட்டுக்கொள்வதுபோல ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது இது. மாற்றிப் போட்டால் வால்வு செத்துவிடும் என்ற பயமுறுத்தலும் சேர்ந்தே வரும்.

வால்வுக்குள் நடப்பதைப் பார்த்தால் இதில் எவ்வளவு உண்மை என்று தெரியும். உள்ளே சின்னதாக ஒரு ஹீட்டர். பெரும்பாலானவற்றுக்கு 6.3 வோல்ட் போதும். ஆரஞ்சு நிறத்தில் எரிவது அதுதான். அதைச் சுற்றி கேத்தோடு என்கிற மெல்லிய நிக்கல் குழல், குழலின் மேல் பேரியமும் ஸ்ட்ரோன்ஷியமும் கலந்த ஆக்சைடுப் பூச்சு. எழுநூறு எண்ணூறு டிகிரிக்குச் சூடேறினால்தான் அந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். எதிரே இருக்கிற பிளேட்டு அதை இழுக்கும். பிளேட்டுக்குக் கொடுக்கிற மின்னழுத்தம் பெரிய பெட்டிகளில் 400, 500 வோல்ட் வரை போகும். மெக்கானிக்குகள் இதை எச்.டி. என்பார்கள். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இந்த எச்.டி.யைத்தான் தடுத்து நிறுத்துகிறது. ஹீட்டர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கேத்தோடு சூடேறும் முன் எச்.டி. வந்தால் பூச்சு பிய்ந்து போகும் என்பதுதான் பயம். இந்தப் பயம் எந்த வகை இயந்திரத்துக்குப் பொருந்தும் என்றால், வானொலி நிலையங்களின் டிரான்ஸ்மிட்டருக்கு. அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட். பழைய டிரான்ஸ்மிட்டர்களில் ரெக்டிஃபையர் வேலைக்கு, அதாவது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்ற, பாதரச ஆவி நிரம்பிய வால்வுகள் இருந்தன. அவை சூடாகிப் பாதரசம் சரியாக ஆவியாகும் முன் எச்.டி. கொடுத்தால் உள்ளே பொறி பறந்து வால்வு அங்கேயே போய்விடும். அதனால் முதலில் ஹீட்டர், காத்திருப்பு, பிறகு எச்.டி. என்பது அங்கே கண்டிப்பான ஒழுங்கு. கிதார் பெட்டியின் சில நூறு வோல்ட்டுக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை.

சாட்சி வேண்டுமா? நம் வீட்டு வால்வு ரேடியோவில் ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்ததா? இல்லை. ஒரே குமிழ்தான். ஹீட்டரும் எச்.டி.யும் ஒன்றாகவே ஏறின. அந்த வால்வுகள் வருஷக்கணக்காக உழைத்தன. ஃபெண்டர் கம்பெனியே தன் சின்னப் பெட்டியான சேம்ப்பில் ஸ்டாண்ட்பை வைக்கவில்லை. அரை நூற்றாண்டு தாண்டிய சேம்ப்புகள் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே என் கணிப்பு இது. ஸ்டாண்ட்பையில் அரை நிமிஷம் வைப்பதால் கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை. இடைவேளையில் சத்தத்தை நிறுத்தி வைக்க அது நல்ல வசதி. ஆனால் சாப்பாட்டுக்குப் போகும்போது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஸ்டாண்ட்பையிலேயே விட்டுப் போகிறார்களே, அது தப்பு. கேத்தோடு சூடாக இருந்தும் மின்னோட்டம் இல்லாமல் வெகுநேரம் கிடந்தால், பூச்சுக்கும் நிக்கலுக்கும் நடுவே மின்தடைப் படலம் ஒன்று வளரும். வால்வைக் காப்பாற்றுவதாக நினைத்து அதன் ஆயுளைக் குறைக்கிற வேலை அது. டீ குடித்துவிட்டு வரலாம். அதற்கு மேல் என்றால் அணைத்துவிடுங்கள்.

ஜி.இஸட். 34 போன்ற வால்வு ரெக்டிஃபையர் உள்ள பெட்டியாக இருந்தால் ஸ்டாண்ட்பையைத் தொடவே வேண்டாம், வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டுப் பவரை மட்டும் போடலாம். அந்த ரெக்டிஃபையரே மெதுவாகச் சூடேறி எச்.டி.யையும் மெதுவாக ஏற்றிக் கொடுக்கும். ஸ்டாண்ட்பையைத் திறந்து, சூடேறி நிற்கிற ரெக்டிஃபையர் மீது, மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்களைத் திடீரென்று ஏற்றுவதுதான் அதற்கு அடி.

பெட்டியை உண்மையிலேயே கொல்லுகிற காரியம் வேறு. ஸ்பீக்கர் ஒயர் மாட்டாமல் சத்தத்தை ஏற்றுவது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வால்வில் அப்படியில்லை. ஒலியின் சக்தி போக வழியில்லாமல், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே மின்னழுத்தமாக எகிறும். வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் காப்பு பொத்துக்கொள்ளும். வால்வு போனால் வாங்கிப் போடலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் சுற்றிக் கொடுக்க ஆள் தேட வேண்டும். கோயில் திருவிழாக்களுக்கு வால்வு மைக் செட் கட்டிய காலத்து ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் பிளக்கைச் செருகிவிட்டு, இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால்தான் கை சுவிட்சுக்குப் போகும். அந்த இரண்டு விரல் இழுப்புக்கு நான் நூற்றுக்கு நூறு கொடுப்பேன். பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று எழுதியிருப்பதையும் அப்போதே ஸ்பீக்கரோடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது எர்த். கிதாரின் கம்பிகள் பெட்டியின் உடலோடு மின்தொடர்பில் இருக்கின்றன. எர்த் இல்லாத பெட்டியில் கசிவு இருந்தால் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கிறவருக்கு ஆபத்து. இது கதையல்ல. ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி 1972-இல் வேல்ஸில் ரசிகர்கள் முன்னால் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-இல் தன் வீட்டில் எர்த் சரியில்லாத கருவியால் இறந்தார். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பாயின்ட்டில் செருகுகிற வழக்கம் நம் பந்தல்களில் இருக்கிறது. இரைச்சல் குறைகிறது என்பார்கள். இரைச்சலோடு வாசியுங்கள், பரவாயில்லை. ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் இதே ரக ஆபத்துதான்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று முதுகுப்பக்கம் படித்துவிட்டுச் செருகுங்கள். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. ஸ்டெப் டவுன் போட்டாலும் பெட்டிக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகவே சுடும்.

அணைப்பதற்கு வருவோம். ஏறிய படியிலேயே இறங்க வேண்டும் என்று நினைத்து முதலில் ஸ்டாண்ட்பையை மூடுகிறார்கள். வேண்டாம். சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாசிக்கும் நிலையிலேயே பவரை அணையுங்கள். வால்வு இன்னும் சூடாக இருப்பதால், உள்ளே கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் அதன் வழியாகவே வடிந்துவிடும். கிதாரின் ஒரு கம்பியைத் தட்டிப் பாருங்கள், சில நொடியில் ஒலி தேய்ந்து மறையும். அது வடிந்ததற்கான அடையாளம். ஸ்டாண்ட்பையை முதலில் மூடினால் சில பெட்டிகளில் நானூறு வோல்ட் வெகுநேரம் உள்ளேயே தங்கும். அடுத்த நாள் பெட்டியைத் திறக்கிற மெக்கானிக்குக்கு அது எமன். வடிந்துவிட்டது என்று நம்பி நீங்களாக உள்ளே கைவிடவும் கூடாது.

அணைத்தவுடன் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைக்காதீர்கள். சூடான ஹீட்டர் இழையும் உள்ளே தாங்கும் கம்பிகளும் அதிர்ச்சிக்கு எளிதில் மசியும். பத்து நிமிஷம் பொறுத்து, ஒயர்களை எல்லாம் சுருட்டி முடித்துவிட்டுக் கடைசியாக அதைத் தூக்கினால் போதும். வால்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960-களில் வால்வு செய்துகொண்டிருந்தது. இன்று பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்துதான் வருகிறது. 2022-இல் ரஷ்ய வால்வு ஏற்றுமதி நிற்கும் என்ற செய்தி பரவியதும் உலகம் முழுக்கக் கிதார்க்காரர்கள் பதறிப்போனார்கள். ஒரு ஜோடிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிற பொருளை ஆட்டோ குலுக்கலுக்குக் கொடுக்க வேண்டாம்.

வாசிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் உடனே பவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்ததும் ஒரு நிமிஷம் பார்த்து, விளக்கு ஏறி இறங்காமல் நின்ற பிறகு போடுங்கள். அவ்வப்போது பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வால்வுக் கண்ணாடியின் உட்பக்கத்தில் நீல ஒளி தெரிந்தால் கவலையில்லை. உள்ளே இருக்கிற பிளேட்டு சிவந்து கனன்றால் பாட்டு பாதியில் இருந்தாலும் அணையுங்கள்.

பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த பெட்டி யாரிடமாவது இருந்தால் ஒரு வார்த்தை. அதை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், கடல் காற்றில் வால்வு முள்ளெல்லாம் உப்புப் பூத்திருக்கும். ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோய் சீரிஸ் பல்பு வைத்து, அதாவது ஒரு பல்பு வழியாக மின்சாரத்தை விட்டு, ஏற்றச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெட்டி பிழைத்தது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். பழைய குண்டு பல்புதான் இதற்கு ஆகும், எல்இடி ஆகாது. கடையில் கண்ணில் பட்டால் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.